உள்ளே ஆறு, வாசலில் ஒன்று

முசியே,

இன்று காலை என் வீட்டுக்காரி அடுப்படியில் பரங்கிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் பரணிலிருந்து உன் தகர டப்பாவை இறக்கப் போனேன். டப்பாவின் மூடியைத் திறந்ததும் பழைய மெழுகு வாசனையும் பச்சைப் பரங்கிக்காய் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அதற்கு மேல் கால் நகரவில்லை. அந்த இரண்டும் சேர்ந்தால் அது உன் வீடு, ஐப்பசி மழை, கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம். "என்னங்க, அப்படியே நின்னுட்டீங்க?" என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டப்பாவோடு கடைக்கு வந்து உட்கார்ந்தேன்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் அந்த டப்பாவை நான் தொடவில்லை. உன்னை உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்த மறுநாள், பிள்ளைச்சாவடியிலிருந்து வந்திருந்த உன் தங்கை அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணன் குடுக்கச் சொன்னாரு பாய். காச்சல்லயும் இதையேதான் சொல்லிட்டு இருந்தாரு, மெழுகு டப்பா பாய்க்கு, மெழுகு டப்பா பாய்க்குன்னு." சாகிறவன் நிலம் என்பான், நகை என்பான். நீ எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டுகளை எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. துக்க வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

நாம் எப்படிச் சேர்ந்தோம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நீ கோயிலுக்குப் போகிறவன், நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன். நீ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார வீட்டுக் குசினியில் சமையல்காரன். நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வர்ணக் காகிதம், காத்தாடி, கல்யாணத்துக்குக் காகிதத் தோரணம் என்று விற்கிறவன். அந்த வீட்டு வெள்ளைக்காரி, மதாமின் மேசைக்குக் காகிதப் பூ வாங்க வந்தாய், பூவில் நாலு குறை சொன்னாய், மறுநாளும் வந்தாய். அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிரெஞ்சு பேசுகிறாயே என்று, வெள்ளைக்காரத் துரைகளைக் கூப்பிடுகிற மாதிரி உன்னை முசியே என்று கூப்பிட ஆரம்பித்தேன். "கோழி உரிக்கிறவன் முசியேன்னா, அப்ப முசியேவ என்னன்னு கூப்பிடுவ?" என்பாய். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாய்.

கல்லறைத் திருநாள் அலங்காரம் தொடங்கிய முதல் வருஷம் உனக்கு நினைவிருக்கும், நாலு வருஷத்துக்கு முன்னால். புரட்டாசிக் கடைசி. மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாய். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாய், இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வூட்ட அலங்காரம் பண்ணணும்."

"கல்லறையத்தான பண்ணுவீங்க? வூட்ட எதுக்கு?"

"மதாம் வூட்ல பண்றாங்க. அவங்க ஊர்ல அன்னிக்கு, செத்தவங்க அவங்கவங்க வூட்டுக்கு வருவாங்களாம், வெளக்கு வெச்சிருப்பாங்களாம். நாமளும் வெச்சா என்னன்னு தோணுச்சு." கூடவே, "காசு செலவாவக் கூடாது" என்றாய்.

"எத்தினி வெளக்கு?"

விரலை மடக்கி எண்ணினாய். "எங்கப்பா, எங்கம்மா, அவ, பொறந்ததும் போன ரெண்டு புள்ளைங்க. அஞ்சு."

அவள் என்றால் உன் மனைவி. அவள் போன பிறகு உனக்கு மிஞ்சியது ஒரே மகன். அவனும் அப்போது சைகோனில் சொல்தாவாக, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்தான்.

அந்த மதாம் பிரான்சில் மேற்கே எங்கேயோ கடலோர ஊர்க்காரி. சின்ன வயதில் அவர்கள் பெரிய கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிச் சந்து முனையில் வைத்து, வழியில் போகிறவர்களைப் பயமுறுத்துவார்களாம். இங்கே அவ்வளவு பெரிய கிழங்குக்கு எங்கே போவது? உன்னைப் பரங்கிக்காய் குடையச் சொன்னாள். குடைந்த சதையை நீ எனக்கும் பங்கு போட்டாய். மூன்று நாள் எங்கள் வீட்டில் பரங்கிக்காய்க் குழம்பு, பரங்கிக்காய்க் கூட்டு, பரங்கிக்காய் அல்வா. என் பிள்ளைகள் உன்னை மனதுக்குள் திட்டியிருப்பார்கள். உன் வீட்டுக்கும் அதே மாதிரி முகம் வெட்டி வைத்தால் வேலை சுலபம் என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"வர்றது நம்ம வூட்டு ஆளுங்க பாய். அவங்கள எதுக்குப் பயமுறுத்தணும்?"

ஆகவே காகித விளக்குக் கூண்டுதான் என்று முடிவானது. கடையில் வெட்டி மிஞ்சின காகித ஓரங்கள் இருந்தன. காத்தாடிக்குச் சீவிய மூங்கில் சிம்பு இருந்தது. பசைக்குப் புளியங்கொட்டை, அதில் பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். மெழுகு உன் பொறுப்பு. மதாம் வீட்டு மேசையில் எரிந்து மிஞ்சுகிற துண்டுகளை எதற்கென்றே தெரியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாய். அந்த வருஷம் மதாம் ஒரு கட்டுப் புது மெழுகுவர்த்தியும் கொடுத்தனுப்பினாள். "அந்தம்மாவுக்கு என்ன திடீர் எரக்கம்?" என்று கேட்டேன். "மழைக்காலம்ல" என்றாய். அது எனக்குப் பதிலாகவே படவில்லை, ஆனாலும் மேலே கேட்கவில்லை.

உன் கூரை ஒழுகுமே, ஐப்பசி மழைக்குக் காகிதம் நிற்காதே என்று நான் கவலைப்பட்டபோது வழி சொன்னவன் நீ. மெழுகைக் காகிதத்தின் மேல் தேய்த்து, இன்னொரு தாளை மேலே போட்டு, வெந்நீர் ஊற்றிய செம்பால் அழுத்தி இழுத்தால் மெழுகு உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் பட்டால் உருண்டு ஓடும், வெளிச்சம் மட்டும் கண்ணாடியில் வருகிற மாதிரி வரும். குசினியில் கேக் சுடுகிற தட்டுக்குக் காகிதம் போட்டுப் பழகின கை. மழைக்காலக் கல்யாணங்களுக்கு இன்றைக்கும் என் கடையில் அந்த வேலைதான் நடக்கிறது. பெயர் எனக்கு, வித்தை உன்னுடையது.

அன்று சாயங்காலம் தூறல் போட்டது. ஒரு மூங்கில் கழியில் கூண்டுகளைக் கட்டி, சாக்கால் மூடித் தூக்கி வந்தேன். நீ வீட்டைப் பெருக்கி, வாசற்படியைக் கழுவி, சுவரில் இருந்த படங்களைத் துடைத்து வைத்திருந்தாய். கழியின் நடுவில் கயிறு கட்டி உத்திரத்தில் போட்டு இழுத்தோம். மேலே போனதும் நீ கூண்டுகளை எண்ணினாய். மறுபடியும் எண்ணினாய்.

"ஆறு இருக்குதே."

"அஞ்சு கட்டுனா கழி சாயும் முசியே. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. நான் எதையும் ஒத்தையில கட்டறதில்ல, தெரியாதா உனக்கு?"

நீ என் முகத்தையே பார்த்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று கணக்கிட்ட இடத்தில், ஆளில்லாமல் ஒரு விளக்கு தொங்குகிறது. உயிரோடு இருக்கிற ஒரே மகனைக் கடல் கடந்து வைத்திருக்கிறவன் வீட்டில் செய்கிற காரியமா இது? தொழில் புத்தி என்னை அப்படி ஆட்டி வைத்திருக்கிறது. "அவுத்துடறேன், இரு" என்று கயிற்றைப் பிடித்தேன்.

"வேணாம் பாய், இருக்கட்டும்" என்றாய். "ரெட்டையா இருந்தாத்தான் நல்லா இருக்குது."

கோயில் மணி அடிக்க ஆரம்பித்ததும் நீ ஒவ்வொன்றாக ஏற்றினாய். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒரு சின்ன ஜெபம். ஆறாவதுக்கு வந்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு ஆத்துமாவுக்கு வேண்டிக்கொள்கிறாய், என் முட்டாள்தனத்துக்குப் பரிகாரம் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ அபசகுனம் பண்ணிவிட்டோமே என்று இருப்புக் கொள்ளவில்லை. மதாம் வீட்டுப் பிள்ளைகள் வாய் கோணல் என்று ஒதுக்கின பரங்கிக்காய் முகம் ஒன்று உன் அடுப்படி மூலையில் கிடந்தது. அதை எடுத்து, உள்ளே ஒரு மெழுகுத் துண்டை நட்டு, வாசற்படியில் தெருவைப் பார்க்க வைத்தேன். "உள்ள இருக்கறது செத்தவங்களுக்கு. இது உசுரோட இருக்கறவனுக்கு. கப்பல வுட்டு எறங்கி வர்றவன் தூரத்துலேர்ந்தே பாக்கட்டும்" என்றேன். மழைக்குப் பரங்கிக்காய் அசையவில்லை. மேல் மூடி சூட்டில் தீய்ந்து இனிப்பாக ஒரு வாசனை வந்தது. நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் கண் கலங்கியிருந்தது. மகன் நினைப்பு வந்துவிட்டது என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று உனக்குத் தெரியும். அவனை அனுப்பி வைத்தவன் நான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் சொல்தாவாகச் சேர வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். நீ முடியாது என்றாய். சின்ன வயதில் நீலக் காத்தாடிதான் வேண்டும் என்று என் கடையில் அடம் பிடித்த அதே பிள்ளை, மீசை முளைத்து என்னிடம் வந்து, "பாய் மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு" என்றான். நானும் பெரிய மனுஷனாகி உன்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். "அவனும் உன்ன மாதிரி வெள்ளக்காரன் வூட்ல கோழி உரிக்கணுமா? சைகோன் போன சனமெல்லாம் திரும்பி வந்து மாடி வூடு கட்டிக்கினு இருக்குது. வுடு முசியே."

"உன் பேச்சக் கேட்டுத்தான் அனுப்பறேன் பாய். நாளைக்கு ஒண்ணுன்னா உன்னத்தான் கேப்பேன்" என்றாய்.

"கேளு" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். ஊரான் பிள்ளை விஷயத்தில் தைரியம் தாராளமாக வருகிறது. அவன் சேர்ந்த காகிதத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அவன் படகில் ஏறிக் கப்பலுக்குப் போனபோது நீ கையை அசைக்கவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அசைத்தேன்.

கல்லறைத் திருநாள் அலங்காரம் அதற்குப் பிறகு வருஷா வருஷம் நடந்தது. "ஆறே கட்டு பாய்" என்று நீயே சொல்லிவிடுவாய். மூன்றாம் வருஷம் உனக்கு இருமல் அதிகம், விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நீ கேட்கவில்லை. போதாததற்கு, "ஆறாவது மட்டும் நீல காயிதத்துல பண்ணு" என்றாய். பேரில்லாதவனுக்கு மட்டும் எதற்கு வர்ணம் என்று கேலி செய்தேன். "பேரில்லாதவனுக்கு வர்ணமாவது இருக்கட்டும்" என்றாய். வாசல் விளக்கை நீ மறந்துவிடுவாயோ என்று நானே ஞாபகப்படுத்துவேன். "வாசலுக்கு வெச்சியா?" என்பேன். "வெச்சுட்டேன் பாய்" என்பாய்.

கடிதம் ஏன் வருவதில்லை என்று கேட்டால் உன்னிடம் பதில் தயாராக இருக்கும். மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள், அங்கே தபால் சரியில்லை. கப்பலில் வந்த ஒருவன் அவனைப் பார்த்தானாம், உடம்பு தேறியிருக்கிறானாம். "உன்ன விசாரிச்சானாம் பாய். மாமாவுக்கு சலாம் சொல்லச் சொன்னானாம்." அந்த சலாத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது உன் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அதனால் கழியை என் வீட்டிலேயே கட்டப்போகிறேன். ஊர் என்ன சொல்லும் என்று என் வீட்டுக்காரி கேட்டாள். ஊர் எப்போது சும்மா இருந்தது? என் கவலை வேறு. ஐரோப்பாவில் மறுபடியும் சண்டை வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். அதற்குள் உன் மகன் வந்து சேர வேண்டும். வந்தால், பூட்டை மாற்றிவிட்ட வீட்டு வாசலில்தானே நிற்பான்? அதனால் என் வாசலுக்கு ஒரு பரங்கிக்காயை முகம் வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்து இங்கே வரட்டும். வந்து, "அப்பா எங்க மாமா?" என்று கேட்டால் என்ன சொல்வது? அதை யோசித்துக்கொண்டேதான் இந்த மடலை எழுதுகிறேன்.

மேலே உள்ளது காலையில் எழுதியது. இப்போது விளக்கு ஏற்றியாகிவிட்டது. இடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

டப்பாவில் மெழுகெல்லாம் வெயில் காலத்தில் உருகி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. கவிழ்த்துத் தட்டினேன். கட்டியோடு ஒட்டிக்கொண்டு அடியிலிருந்து ஒரு உறை வந்தது. சர்க்கார் முத்திரை. எனக்குப் பிரெஞ்சு படிக்க வராது. ஆனால் நான் சாட்சி போட்ட காகிதத்தில் பார்த்த எழுத்துகள் அதில் இருந்தன. உன் மகனின் பெயர். பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முதலில் தனக்குள் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பழைய கடுதாசி பாய். நாலு வருஷம் ஆவுது. உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

மலைக்காய்ச்சல். பட்டாளத்து ஆஸ்பத்திரி. அங்கேயே அடக்கம். மாதம் பார்க்கச் சொன்னேன். செப்டம்பர் என்றார். கப்பலில் வந்து உன் கைக்குச் சேர்ந்தபோது புரட்டாசி ஆகியிருக்கும். அந்தப் புரட்டாசிக் கடைசியில்தான் நீ என் கடையில் உட்காராமல் நின்று, விரலை மடக்கி அஞ்சு என்று எண்ணினாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீ மறைத்தாய். என் கண் எதிரிலேயே, நான்கு வருஷம் மறைத்தாய்.

மதாமுக்குத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சு பேச வந்தாலும் படிக்க வராத உனக்குக் கடிதத்தைப் படித்துச் சொன்னதே அவளாக இருக்கும். அந்தப் புது மெழுகுவர்த்திக் கட்டு அதற்குத்தான். வீட்டை அலங்கரிக்கும் ஆசை உனக்கு ஏன் வந்தது என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. அவனுக்கு இங்கே கல்லறை இல்லை, பூப்போட ஒரு பிடி மண் இல்லை. வீட்டுக்குத்தான் அவனைக் கூப்பிட முடியும். அதை என்னிடம் சொல்ல முடியாமல் அஞ்சு என்றாய். நான் ஒன்றும் தெரியாமல் ஆறைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டதோ என்றுதான் நீ என் முகத்தைப் பார்த்திருக்கிறாய். நானோ அதோடு விடவில்லை. உசுரோட இருக்கறவனுக்கு என்று உன் காதுபடச் சொல்லி வாசலில் விளக்கு வைத்தேன். வெச்சியா, வெச்சியா என்று வருஷா வருஷம் கேட்டேன். நீயும் குனிந்து வைத்தாய்.

நாளைக்கு ஒண்ணுன்னா உன்னத்தான் கேப்பேன் என்று கடற்கரையில் சொன்னவன், கேட்கவே இல்லை. எனக்குக் கோபம் வருகிறது முசியே. அவன் செத்த துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை எனக்குத் தராமல், பொய்யாக ஒரு சலாம் தந்தாய். இவனால் தாங்க முடியாது என்று நீயே தீர்மானித்துவிட்டாய். உண்மைதான், தாங்கியிருக்க மாட்டேன். டப்பாவை எனக்குக் கொடுக்கச் சொன்னபோது அடியில் இருந்ததை மறந்திருந்தாயா, நினைவோடுதான் சொன்னாயா, அதுவும் எனக்குத் தெரியாது. எப்படியோ, இப்போது அந்தக் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. இனி அது என்னோடுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முகம் வெட்டி வைத்திருந்த பரங்கிக்காயைப் பார்த்து, "இது வேணாம்ல?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இந்த வருஷம் வாசலில் ஒன்றும் வைக்கவில்லை. வழி பார்க்க யாரும் இல்லை. எல்லாரும் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

கழியில் ஏழு கட்டினேன். ஏழாவது உனக்கு. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நான்கு. கழி உன் பக்கம் சாய்ந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மணி அடித்ததும் உன்னுடையதை முதலில் ஏற்றினேன். வீட்டுக்காரன் முன்னால் வந்து நின்றால்தானே மற்றவர்களை அழைக்க முடியும்? உன் ஜெபம் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்ததை ஓதினேன். உன் அப்பா, உன் அம்மா, உன் மனைவி, அந்த இரண்டு குழந்தைகள். பிறகு நீலக் கூண்டு. நான்கு வருஷம் நீ உதட்டுக்குள்ளேயே வைத்திருந்த பெயரை நான் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன். சவரிமுத்து.

பக்கத்து வீட்டம்மா தூறலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பாய் அது, சவரிமுத்து?" என்று கேட்டாள்.

"நான் அனுப்பி வெச்ச புள்ளம்மா" என்றேன்.